ஆடு தின்ற சோறும் என் முதல் வாசகரும்

நேற்று ஒருவழியாக வலைப்பூ தொடங்கிவிட்டேன். யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் இவ்வளவு நாளும் அதற்குப் பெயர் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பதிவு, எங்கள் வன்னியின் பூநகரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் சோற்றுப் பார்சலை ஓர் ஆடு தின்றுவிட்ட கதை. நகைச்சுவை என்று நம்பித்தான் எழுதினேன்.

இன்று காலை வரை அதைத் திறந்து பார்த்தவர்கள் நானும் அம்மாவும்தான். அம்மாவும் என் போனில்தான் பார்த்தார்.

கிளிநொச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது முதல் பின்னூட்டம் வந்தது. கனடாவிலிருந்து, முன்பின் தெரியாத ஓர் அண்ணை.

"வாசிச்சு அழுதிட்டன் தங்கச்சி. பாங்க் எக்கவுண்ட் நம்பர் போட மறந்திட்டீங்கள்."

பக்கத்தில் இருந்த தோழி சுகந்தியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆட்டின்ர நம்பரைக் குடடி. கதையில கஷ்டப்பட்டுச் சாப்பிட்டது அதுதானே."

நான் மரியாதையாகவே பதில் எழுதினேன். "அண்ணை, நான் உதவி ஒண்டும் கேக்கேல்லை. அது பகிடிக்கு எழுதினது."

உடனே பதில் வந்தது.

"ஐயோ, குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. வன்னி எண்டு கண்டவுடன அழுகை வந்திட்டுது. மிச்சம் வாசிக்கேல்லை."

ஆக, வாசிக்காமலேயே அழவைக்கும் எழுத்து எனக்கு வாய்த்திருக்கிறது. எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

உங்களில் யாராவது கடைசி வரை வாசித்துச் சிரித்திருந்தால் தயவுசெய்து கீழே சொல்லுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும், அந்த ஆட்டுக்காக.