சொம்பின் உள்பக்கம்

என் அத்தை தேய்த்த செப்புச் சொம்பைப் பார்ப்பவர்கள், புதுசா என்று கேட்பார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பாகூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாரம் ஒருமுறை புளியும் செங்கல்பொடியுமாக உட்காருவாள். கறுத்துக் கிடந்த சொம்பு பத்து நிமிஷத்தில் சிவந்து மினுங்கும். ஈரம் போகத் துணியால் துடைத்து வெயிலில் கவிழ்ப்பாள். அப்படியொரு கைக்காரியை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

சொம்பின் குறுகிய கழுத்துக்குள் ஏழு வயசுக்காரி என் கைதான் நுழையும். அதனால் உள்பக்கம் என் பொறுப்பு. ஒப்புக்குத் தேய்த்துவிட்டு எழுந்தால் அத்தை விடமாட்டாள்.

"நல்லா தேய்டி. புளி தங்கினா களிம்பு ஏறிடும். உள்ள பச்சையா இருக்கிற வூட்டுல எவன்டி பொண்ணு எடுப்பான்?"

அத்தையைப் பெண் பார்க்க வில்லியனூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் எனக்கு இந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை மேரி ஆபீசில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் அப்புறம் யார் வருவார்கள் என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கோ வேறு கவலை. அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை வாரிவிடுவது? இரண்டு நாள் முன்பே சொம்பின் கழுத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத வளைவில், புளியை அப்பி வைத்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று, தண்ணீர் கொண்டுவந்த அத்தையிடமிருந்து மாப்பிள்ளையின் அம்மா சொம்பை வாங்கினாள். வெளிப்பக்கத்தைப் பார்த்து மெச்சினாள். பிறகு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். விரல் பச்சையாக வந்தது.

"உள்ள தேய்ச்சது யாரும்மா?"

அத்தை என்னைப் பார்த்தாள். திருட்டு என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"நான்தாங்க," என்றாள். அந்தப் பெரிய மனசு எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. எனக்கும்தான்.

வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியேறினார்கள். அம்மா மூக்கைச் சிந்தினாள். அத்தை அந்தச் சொம்போடு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தண்ணி ஊத்துடி," என்று மட்டும் சொன்னாள். ஊற்றினேன்.

மறுநாள் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க அத்தை எங்கியும் போவாது, எங்க கூடவே இருக்கும்," என்று குதித்துக் குதித்துச் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இவ்வளவு நல்ல சேதிக்கு எதற்காக உச்சுக்கொட்டுகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.