பதினேழாம் நம்பருக்காக ஒரு வாய்ப்பூட்டு

பஸ் டெப்போவின் டயர் ஷெட்டில் அவளைக் கமெண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழற்றிப் போட்ட டயர்களைத் தடவிப் பார்த்து, இது ஓடும், இது உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, இது தேறாது என்று சாக்பீஸால் டயர் மேலேயே எழுதி வைப்பது அவள் வேலை. கார் பந்தயத்தைப் பற்றி விடாமல் பேசுவதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுதான் அவளை ஷெட்டில் ஓர் ஆளாக்கியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தபோது அங்கே அவள் ஒருத்திதான் பெண். யாரும் முறைக்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கம்ப்ரசருக்குப் பக்கத்துப் பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு எழுந்து போவாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் பந்தயத்தைப் பற்றி ஆண்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவன் சாமர்த்தியத்தால் ஜெயிக்கவில்லை, எதிராளி டயரைத் தின்று தீர்த்ததால் ஜெயித்தான் என்று பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பெஞ்சு நிறைந்தது. பிறகு அது காலியானதே இல்லை.

இந்த சீசனைப் பற்றியும் அவளிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்பதாம் நம்பர்காரன் முதல் வளைவிலேயே கோப்பையைக் கேட்கிற ஆள், அதனால் பாதிப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறான். இருபத்திரண்டு மழை பெய்தால் ராஜா, வெயிலடித்தால் வழிப்போக்கன். நாலாம் நம்பரிடம் வேகம் இருக்கிறது, யார் இல்லையென்றது? ஆனால் சரியான அவசரக்குடுக்கை. பதினேழு ஒருத்தன்தான் டயரின் மனசறிந்து ஓட்டுகிறவன். டிவியில் பேசுகிற மேதாவிகள் அவனை மந்தம் என்கிறார்கள். அவர்களை ஒரு நாள் இங்கே டயர் கழற்ற விட்டால் தெரியும் சேதி. பதறாத காரியம் சிதறாது என்பது அவள் கட்சி.

ஃபோர்மேன் நாலாம் நம்பர் கட்சி. கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் நாலும் பதினேழும் சமப் புள்ளியில் நின்றார்கள். எவன் முன்னால் வருகிறானோ அவனுக்குக் கோப்பை. வெள்ளிக்கிழமை முழுக்க ஃபோர்மேன் சீண்டிக்கொண்டே இருந்ததில் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"பதினேழு ஜெயிக்கலைன்னா, அடுத்த சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும் இந்த ஷெட்டுல ரேஸைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் விரல் விட்டு எண்ணினாள். முழுசாக நாலு மாதம். பேச்சு நின்றால் பெஞ்சு பழையபடி ஆகிவிடுமே என்று பயந்தாள். ஆனால் கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

ஞாயிறு மதியம் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட, இவள் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பதினேழு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பாதியில் நாலாம் நம்பரின் முன்பக்க இடது டயரைக் கிட்டத்தில் காட்டினார்கள். ரப்பர் திரிதிரியாகச் சுருண்டு கிடந்தது.

"செத்தான்," என்று கைதட்டினாள். வீட்டுக்காரர் விழித்து, யார் செத்தது என்று விசாரித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

அவள் கண்ணைக் குறை சொல்ல முடியாது. ஷெட்டுக்கு அப்படியொரு டயர் வந்தால் 'தேறாது' என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். பஸ் டயர் கெட்டால் கெட்டதுதான். ஆனால் பந்தய டயர் அப்படியில்லை. பத்துச் சுற்றில் சுருண்டதெல்லாம் உதிர்ந்து, அடியிலிருந்த ரப்பர் தரையைக் கவ்விப் பிடித்தது. கடைசிக்கு முந்தின சுற்றில் நாலு, பதினேழைத் தாண்டிப் போய்விட்டான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். அந்த டயர் எப்படிப் பிழைத்தது என்று ஒரு வரி விடாமல் படித்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

திங்கட்கிழமை, ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "நாலோட டயர் தேறாதுன்னு நெனச்சேன். தப்பு என்னோட கண்ணுல. பதினேழு மேல இல்ல. இதோட சரி."

மதியம் எல்லோரும் பெஞ்சுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், தொண்டையைக் கனைத்தார்கள், சீக்கிரமே எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள். புதன்கிழமை அவள் தனியாகச் சாப்பிட்டாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை ஃபோர்மேன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த டயரைப் பாத்ததும் ஜோலி முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். எப்படி மறுபடி பிடிச்சுது? அந்தச் சபதத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன். சொல்லிடு."

"நான் வாங்கிக்கல," என்றாள்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். சிமெண்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரிதாக ஒரு டயரை வரைந்தாள். மேலே சுருண்ட ரப்பர், கீழே நல்ல ரப்பர், அது வெளியே வரப் பத்துச் சுற்று. ஃபோர்மேன் குனிந்தார். அந்தப் பக்கம் பஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் வந்து குனிந்தார்கள். அவர்கள் வாயால் கேட்டார்கள், இவள் சாக்பீஸால் பதில் சொன்னாள். நாலாம் நம்பருக்கு நேரே 'அவசரக்குடுக்கை, ஆனால் கெட்டிக்காரன்' என்று எழுதியபோது ஷெட்டே சிரித்தது. பதினேழுக்கு நேரே 'அடுத்த வருஷம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

மணி அடித்தது. தரையை அலசிவிட ஒருவர் குழாயோடு வந்தார்.

"அந்தப் பெஞ்சுப் பக்கம் மட்டும் தண்ணி விடாதீங்க," என்றார் ஃபோர்மேன். "அக்கா இன்னும் முடிக்கல."