டம்மி என்று நானே எழுதிக் கொடுத்தேன்

பாட்டு எழுதுகிறவர்களில் இரண்டு வகை உண்டு: பேர் வருகிறவர்கள், போன் வருகிறவர்கள். நான் இரண்டாவது வகை.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் எனக்கு பாய்லர் வேலை, நிரந்தர நைட் ஷிப்ட். வயது நாற்பத்தெட்டு. படிப்பு பத்தாவது. எதுகை, மோனை எல்லாம் பழைய புத்தகக் கடை தயவில் நானே கற்றது. பகலில் படுத்தால் தூக்கம் வராது. அந்த நேரத்தில், சென்னையில் இருக்கிற கிஷோர் என்ற இசையமைப்பாளருக்கு ஆல்பம் பாட்டு எழுதுகிறேன். சினிமா இல்லை. யூடியூபில் ஒரு பையனும் பெண்ணும் காரணமே இல்லாமல் மழையில் நனைவார்களே, அந்தப் பாட்டு. நீங்களும் அடுத்தவர் கையெழுத்துக்கு அறிக்கை தயாரிக்கிற ஆளா? அப்படியே உட்காருங்கள், இது நம்ம கதைதான்.

மரியாதை

கிஷோர் முதன்முதலில் ஒரு மெட்டை ‘தனனா’ என்று முனகி வாட்ஸப்பில் அனுப்பினார். பாடகர் பழகுவதற்குத் தற்காலிகமாக வார்த்தை வேண்டுமாம். பிறகு பெரிய கவிஞர் ஒருவர் நிஜப் பாட்டை எழுதுவாராம். இந்தத் தற்காலிக வரிகளுக்குத் தொழிலில் ‘டம்மி’ என்று பேர். கவிஞர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று, நோட்டில் பக்கத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் ‘டம்மி’ என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். மரியாதை தெரிந்தவனாம் நான்!

கவிஞர் வரவே இல்லை. ரோனிக் என்கிற அந்தப் பாடகருக்கு என் வரிகள் வாயில் பழகிவிட்டன. ‘மழையில நின்னாலும் சாயம் போகல, மனசுல நீ ஊறி ரொம்ப நாளாச்சு’ என்று அப்படியே பாடிவிட்டார். தோல் ஊறுவதையும் சாயம் ஏறுவதையும் இருபது வருஷம் பார்த்தவன் எழுதிய வரி ஐயா அது. ஊரெல்லாம் பாடியது. யூடியூபில் பாட்டுக்குக் கீழே ‘வரிகள்: ரோனிக்’ என்று வந்தது. டீ வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள். கிஷோருக்கு போன் போட்டுக் கேட்டேன்.

“அண்ணே, நீங்களே மேல டம்மின்னு எழுதி அனுப்பிட்டு, இப்ப பேர் கேட்டா இன்னா அர்த்தம்?”

கல்யாண மண்டபம்

குடியாத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆர்கெஸ்ட்ராவில் என் பாட்டு. இரண்டாவது சரணத்தை அப்படியே முழுங்கிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. மேடை ஓரமாகப் போய், ஒரு சரணம் விட்டுப்போச்சே என்று கீபோர்டுக்காரரிடம் சொன்னேன்.

“எழுதுனவன் கணக்கா பேசாத சார், பந்தி ஆரம்பிச்சிட்டாங்க, போய் உக்காரு.”

பத்து நிமிஷம்

இதெல்லாம் பொறுத்தேன். அடுத்ததைப் பொறுக்க முடியவில்லை. என் மகள் ஷாலினி வேலூரில் ஒரு கல்லூரியில் பி.காம் படிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு ரோனிக்கை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். ‘அந்தப் பாட்டு எங்கப்பா எழுதினது’ என்று இவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு தோழி மைக்கை வாங்கி அவரிடமே கேட்டுவிட்டாள். ‘பால்கனியில உக்காந்து, மழையப் பாத்துட்டே பத்து நிமிஷத்துல எழுதினேன்’ என்றாராம் அவர். அரங்கமே இவள் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறது.

பத்து நிமிஷமாம்! எனக்கு ஒன்பது பகல் ஆனது. பால்கனிக்கு நான் எங்கே போவேன்?

இரண்டு நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. மூன்றாவது நாள் நோட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அடித்தல் திருத்தலோடு எல்லா வரிகளும் அதில் இருந்தன. அவள் பார்த்தது தலைப்பை மட்டும்தான்.

“மேலயே டம்மின்னு போட்டிருக்கியேப்பா. அப்ப ஒரிஜினல் அவருதானே எழுதியிருப்பாரு? எங்கிட்ட ஏம்பா பொய் சொன்ன?”

நயீம் பாய்

டேனரியில் தோலைச் சுழற்றி ஊறவைக்கிற டிரம் ஓட்டுகிற நயீம் பாய் முஷாயிரா பைத்தியம். உருதுக் கவிஞர்கள் மேடையில் கவிதை படிக்கிற அந்தக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய்விடுவார். டீக்கடையில் அவரிடம் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். அவர்கள் கஜல் கவிதையில் கடைசி இரண்டு வரிக்குள் எழுதினவன் தன் பேரை வைத்துவிடுவது வழக்கமாம். காகிதம் கிழிந்தாலும் பேர் நிற்குமாம்.

“பேஜார் ஆவாத சேகர். பேர பேப்பர்ல போட்டா அழிச்சிருவான், பாட்டுக்குள்ள போடு தோஸ்த், எவன் எடுக்கிறான் பாப்போம்!”

கடைசி வரி

அடுத்த மெட்டு வந்தது. இந்தத் தடவை தலையில் டம்மி என்று எழுதவில்லை. கடைசி வரியை மட்டும் நான்கு பகல் செதுக்கினேன்: ‘சேகர் செஞ்ச பாட்டு இது, செத்தாலும் அழியாது.’ சே, செ, செ என்று மோனை வேறு. பாட்டு வரட்டும், கடைசி வரியைக் கேள் என்று ஷாலினியிடம் சொல்லி வைத்தேன். ‘ம்’ என்றாள்.

பாட்டு வந்தது. பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ‘ரோனிக் செஞ்ச பாட்டு இது, செத்தாலும் அழியாது.’

ஷாலினி எழுந்துவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிஷோருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, ஒரு கத்து கத்தினேன். பாராட்டுக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மனுஷர் உற்சாகமாகிவிட்டார்.

“சூப்பர் ஐடியாண்ணே! நீங்க சேகர்னு வச்ச எடத்துல ரோனிக் கரெக்டா உக்காந்துச்சு. முதல் பாட்டு மாதிரியே இதுலயும் உங்க வரியில வேற ஒரு எழுத்துகூட நாங்க தொடல.”

வாசல்வரை போன ஷாலினி நின்றாள். என்னைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அங்கிள், இப்ப சொன்னீங்களே, அத இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் பாட்டு எழுதுன சேகரோட பொண்ணு பேசறேன்.”

இத்தனை பாட்டில், என் பேரோடு வெளியே வந்திருக்கிற ஒரே வரி இதுவரைக்கும் அதுதான்.