தவசியின் காலை மாத்திரை

என் தங்கச்சி ராமுத்தாயின் இரண்டாவது மகன் தவசி, பேரையூரில் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை, ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பல வருசமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் பங்குனியில் அக்கினிச் சட்டி எடுக்கக் காப்புக் கட்டினான். விரதத்தில் பொழுது சாய்ந்து ஒரு வேளைதான் சாப்பாடு. காலை மாத்திரையை விட்டுவிட்டான்.

அவன் பெண்டாட்டி போதுமணி கேட்டாள். "ஏங்க, மாத்திரை போடலையா?"

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காருடி."

"இம்புட்டுச் சட்டம் பேசுற ஆளு, அவருக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டா என்னவாம்?"

"ஆத்தா பாத்துக்கிருவா, போடி."

காப்பு அவிழ்க்கும் முன்னே கடை வாசலில் விழுந்தான். மதுரை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வலிப்பு நிற்கவே இல்லை. "வெறும் வயித்துல போட்டிருந்தா கொஞ்சம் குமட்டியிருக்கும், அவ்வளவுதாம்மா. விட்டதுதான் தப்பாப் போச்சு" என்று போதுமணியிடம் சொன்னார் அங்கிருந்த டாக்டர்.

உயிர் பிழைத்தான், ஆனால் மூளை கெட்டுவிட்டது. பெற்ற தாயையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்லாயிருவாரா பெரியத்தே?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள் போதுமணி. இப்போது அதையும் கேட்பதில்லை.