என்னுடையதென்று சொன்ன கம்பளம்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மரவேலியில் ஒரு பலகை கழன்று நாலு வருடமாகிறது. இரண்டு வீட்டாரும் அதைத் திருத்தவில்லை. அந்த இடைவெளியால் என் மனைவியின் கத்தரிக்காய்க் குழம்பு போகும். பக்கத்து வீட்டுத் துருக்கியரின் தேநீர் வரும்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தன் ஊரில் நெய்த, நூறு வயதுக்கும் மேற்பட்ட கம்பளம் ஒன்றை வைத்திருந்தார். சிட்னிக்கு வரும்போது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கி வந்தாராம். தேநீர் குடிக்கப் போன நான் பாதிக் கம்பள வியாபாரியாகத் திரும்பினேன். கம்பளத்தைப் பார்ப்பதென்றால் முதலில் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். துருக்கி முடிச்சு ஒவ்வொன்றும் இரண்டு நூலைச் சேர்த்துக் கட்டும். சிவப்பு ஒரு செடியின் வேரிலிருந்து வருகிறது. நடுவில் ஒரு பட்டை வெளிறியிருந்தால் அது பழுதல்ல. ஒரு சட்டிச் சாயம் முடிந்து அடுத்த சட்டி தொடங்கிய இடம். ஒரு காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர் இவற்றில் மிதிக்க மனமில்லாமல் மேசையில் விரித்தார்களாம். ஓரத்தில் வெள்ளை நிலத்தில் வரிசையாக, இடுப்பில் இரு கையும் வைத்த பெண்கள். தாய்மையின் அடையாளம் என்றார். எனக்கு அது வேறு ஒன்றின் அடையாளமாகத் தெரிந்தது. நான் கலியாணம் கட்டியவன்.

மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. மெல்பேர்னிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வருவதாகச் சொன்னார். அவர் வாயைத் திறந்தால் அங்கே மல்கிரேவில் கட்டிய மாடிவீட்டின் படிக்கட்டுத்தான் முதலில் இறங்கி வரும். இந்த முறை விடக்கூடாது என்று கம்பளத்தை இரவல் கேட்டேன். துருக்கியர் நெடுநேரம் யோசித்தார். சப்பாத்தோடு ஒருவரும் மிதிக்கக்கூடாது என்றார். நாங்கள் வாசலிலேயே கழற்றிவிடும் சாதி என்றேன். சடங்கில் புழங்கும் தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சடங்கன்று மகளின் கதிரைக்கு முன்னால் கம்பளம் சிவந்து கிடந்தது. மச்சான் வந்ததும் குனிந்து தடவினார்.

"எங்க வாங்கினது மச்சான்?"

"இது கனகாலமா எங்களிட்டக் கிடக்கு," என்றேன். பிறகு முடிச்சு, வேர், சாயச்சட்டி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். துருக்கியர் பக்கத்துக் கதிரையில் பயற்றம் பணியாரத்தோடு சிரித்தபடி இருந்தார். தமிழ் தெரியாதவர்தானே என்ற துணிவு எனக்கு. மச்சான் அவரிடம் திரும்பி ஆங்கிலத்தில், "இவருடைய கம்பளம் உங்கள் நாட்டுச் சாமானாமே, எப்படி, நல்லதா?" என்று கேட்டுவிட்டார்.

துருக்கியர் என்னைப் பார்த்தார். பணியாரத்தை மென்று விழுங்கினார்.

"நல்ல கம்பளம். கவனமாக வைத்திருக்கிறார்."

ஆராத்தி தொடங்கியது. மச்சான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு பின்னால் பின்னால் வந்தார். முழங்கை தட்டில் பட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவந்த நீர் அப்படியே வெள்ளை ஓரத்தில் கொட்டியது.

"அட, உங்கட சாமான்தானே மச்சான், கழுவினாப் போகும்," என்றார் அவர். நான் பல்லைக் காட்டினேன். துருக்கியர் எழுந்து வந்து கறையைப் பார்த்து, என் தோளைத் தட்டி, "உன் கம்பளம், நீ பார்த்துக்கொள்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கம்பளத்தில் இருபது பெண்கள். இருபத்தோராவது குசினி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இரவல் சீலையில கொய்யகம் மடிச்சு மினுக்கின கதைதான். இனி என்ன செய்யப் போறியள்?"

தேசிக்காய் பிழிந்து ஒற்றினேன். சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் கறை வெயிலுக்குப் போகும் என்பது எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். மூன்று நாள் காயவிட்டேன். முக்கால்வாசி போனது. சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னிடம் கம்பளம் ஏது? வீடு மாறி வந்துவிட்டாய்," என்று கதவைச் சாத்தினார். அடுத்த நாளும் அதே பதில். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார். கம்பளம் கிடந்த இடத்தில் மட்டும் தரைப்பலகை புதிது போல் இருந்தது. சுற்றிலும் நாற்காலிகள், நடுவில் ஒன்றுமில்லை. அந்த வெறும் தரையைக் கண்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கறையை விட என் வாய்தான் பெரிய பழுது.

"யாருடையது என்று உன் மல்கிரேவ் மச்சானுக்குச் சொல். எனக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொல்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். சொன்னேன். பிறகு மச்சானின் குரல் மெதுவாக வந்தது.

"அப்ப அந்த மனுசனிட்டயே நான் கேட்டனான் என்ன?"

ஓம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு படிக்கட்டுக் கதை வருவதில்லை.

இருவரும் சேர்ந்து கம்பளத்தை அதன் இடத்தில் விரித்தோம். வெள்ளை ஓரத்தில் ஒரே ஒருத்தியின் பாவாடை மட்டும் மங்கிய மஞ்சள்.

"இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டால் இதுவும் போய்விடும்," என்றேன்.

அவர் தேநீரை எனக்கு முன்னால் வைத்தார். குனிந்து அந்த மஞ்சளை விரலால் சுற்றிக் காட்டினார்.

"வேண்டாம். இவ்வளவு மட்டும் உன்னுடையது."