அவர் இருந்த இடத்தில் ஒரு பிறந்தநாள்

கணவர் இறந்து ஒரு மாதம் கழித்து, எங்கள் கல்யாண வீடியோவைக் கேட்டுக் கொஸ்லந்தையிலிருந்து பதுளைக்கு, அதை எடுத்த ஸ்டூடியோவுக்குப் போனேன். வீட்டிலிருந்த டிவிடி பூஞ்சணம் பிடித்து ஓடவில்லை. அவருடைய படங்கள் என்னிடம் நிறைய இருந்தன. குரல்தான் இல்லை.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் வெகுநேரம் தேடினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“டீச்சர், எடம் பத்தலன்னு ரெண்டு பெரிய டிஸ்க்க வாங்கி ஒண்ணாச் சேர்த்தேங்க. இந்தக் கம்ப்யூட்டரு ஒரு அளவுக்கு மேல கணக்கு வைக்காதாம். அது எனக்குத் தெரியாமப் போச்சு. அந்த அளவு தாண்டுனதும் மறுபடி ஆரம்பத்துலேர்ந்து எழுதிருச்சு. மொதல்ல இருந்ததெல்லாம் அழிஞ்சிருச்சுங்க.”

“எங்க வீடியோ?”

“அதைத்தாங்க மொதல்ல போட்டு வச்சேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

“அந்த எடத்துல இப்ப என்னாண்ணே இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் தயங்கித் தயங்கிப் போட்டுக் காட்டினார். மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு ஒன்று, ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். குழந்தை மெழுகுவர்த்தியைப் பிடிக்கப் போனது. அதன் அப்பா கையைத் தடுத்து, “சுடும் சாமி, சுடும்” என்றார்.

கடைசிவரை பார்த்தேன்.

“இதையாவது வேற எங்கயாச்சும் இன்னொரு காப்பி போட்டு வைங்கண்ணே” என்றேன்.

“இன்னைக்கே போடுறேன் டீச்சர்” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

பெரிய மனது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அன்று எனக்குள் எதுவுமே இல்லை. யாரோ ஒருவருடைய குரல் கேட்டது. அது போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் வாயில் வந்தது.