பயனாளி என்ற கட்டம்

இன்று போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனேன். சிறு பட்டறைகள் புதிதாக ஏதாவது செய்தால் அரசு பணம் தந்து உதவுமாம். கல்லூரியோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

மணல் கலந்த தண்ணீரிலும் சீக்கிரம் தேயாத புஷ் ஒன்றை, அதாவது போர்வெல் மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையத்தை, நான்கு வருடம் மல்லுக்கட்டி என் பட்டறை லேத்தில் செய்திருக்கிறேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்.

படிவத்தில் 'கண்டுபிடிப்பாளர்' என்ற கட்டத்தில் அந்தப் பேராசிரியர் பெயர். 'பயனாளி' கட்டத்தில் என் பெயர்.

"ஏனுங்க சார், இந்தப் புஷ்ஷைச் செஞ்சது யாருங்க?" என்று அவரிடமே கேட்டேன்.

"நீங்கதானுங்கய்யா. ஆனா அந்தக் கட்டத்துல டிகிரி கேக்குதுங்க. எட்டாவதுன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது."

"நாளைக்கு இது மக்கர் பண்ணுனா யாரைக் கூப்பிடுவீங்க?"

"உங்களைத்தானுங்க."

"பயனாளியையா?"

அவர் சிரித்தார். "வெறும் கட்டந்தானுங்களே, இன்னைக்குத்தான் கடைசி நாளு. கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

போடவில்லை. புஷ்ஷை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போட்டிருந்தால் பட்டறைக்குப் புது மெஷின் வந்திருக்கும். இனியும் பழைய லேத்தோடுதான் மாரடிக்க வேண்டும்.

செய்தவன் பயனாளி என்றால், அதை வாங்கி மோட்டாரில் மாட்டப்போகிற விவசாயிக்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் டிகிரி கேட்க மாட்டேன்.